பழைய கென்டருக்குத் தொண்ணூறாயிரம், லேலண்டுக்கு எழுபதாயிரம்: எதில் ஏறுவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாலரை வருடமாகக் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். மாதச் சம்பளம் 42,000 ரூபா. கனரக லைசென்ஸும் கையில் இருக்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள். இப்போது இரண்டு இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று, கந்தப்பளையில் ஒரு மரக்கறி முதலாளி. இரவில் பேலியகொடை மெனிங் சந்தைக்கு லோடு. ட்ரிப்புக்கு 5,000 ரூபா, மாதம் 18 ட்ரிப் நிச்சயம் என்கிறார். லொறி பழைய கென்டர், என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையது. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது. மற்றது, ஹட்டனில் ஒரு கம்பனி. ஃபெக்டரிகளில் இருந்து தேயிலையைக் கொழும்புக்கு ஏற்றுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 55,000, ஓட்டியோடு (மேலதிக நேரச் சம்பளத்தோடு) 70,000 வரை வரும். 2018 லேலண்ட், எயார் பிரேக். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) உண்டு. வீட்டில் எல்லோரும், "காசு கூடத் தருகிற இடத்துக்குப் போ, லொறி பழசென்றால் என்ன, நீ பார்க்காத லொறியா" என்கிறார்கள். லொறி நல்லது என்பதற்காக மாதம் இருபதாயிரத்தை விட்டுக்கொடுப்பது புத்தியா?
கொட்டகலை வாசகர்

பதில்:

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மையென்றால் ஹட்டன் கம்பனிக்குத்தான் போகச் சொல்வேன். லேலண்ட் புதுசு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முப்பது வயதுக் கென்டரில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று சொல்லக்கூடிய வண்டிகளும் இருக்கின்றன, மூன்று வயது லொறியில் காலை வைக்காதே என்று சொல்ல வேண்டிய வண்டிகளும் இருக்கின்றன. கராஜிலும் பிறகு லொறிகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்து இரண்டு வகையையும் பார்த்துவிட்டேன்.

லொறி ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். மாதச் சம்பளக்காரன் அப்படிப் பிரிக்கலாம். ட்ரிப் கணக்கில் கூலி வாங்குகிறவனால் முடியாது. அவனுடைய சம்பளம் லொறியின் வயிற்றுக்குள் இருக்கிறது. கிளச் பிளேட் தேய்ந்து லொறி இரண்டு நாள் கராஜில் நின்றால் முதலாளிக்குச் செலவு ஒரு தடவை, உங்களுக்கு நட்டம் இரண்டு ட்ரிப். அந்தக் கிளச் பிளேட்டை எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் உங்களிடம் இல்லை.

சரி, கணக்கைப் பார்ப்போம். கந்தப்பளையில் 18 ட்ரிப்பும் ஓடினால் 90,000. கம்பனியில் 70,000 என்று வைத்தாலும் ஈ.பி.எஃப். 8 வீதம் பிடித்துக்கொண்டு 65,600தான் கையில் வரும். கைக்கு வருகிற வித்தியாசம் 24,400. வீட்டில் எல்லோரும் பார்ப்பது இந்த எண்ணைத்தான், அதில் தப்பும் இல்லை, கடைக்காரனுக்குக் கொடுப்பது கைக்காசுதானே. ஆனால் பிடித்த 4,400 எங்கேயும் போகவில்லை, உங்கள் பெயரில்தான் கிடக்கிறது. அதோடு கம்பனி தன் பங்காக ஈ.பி.எஃப்.க்கு 12 வீதம், ஈ.டி.எஃப்.க்கு 3 வீதம் கட்ட வேண்டும். 55,000க்கு அது 8,250. ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை. அதை மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 2,290. எல்லாவற்றையும் கூட்டினால் கம்பனி உங்களுக்குத் தருவது 80,540. இரண்டு இடத்துக்கும் உண்மையான வித்தியாசம் 9,460 ரூபாதான்.

9,460 என்பது இரண்டு ட்ரிப் கூலிக்கும் குறைவு. மாதத்தில் இரண்டு தடவை அந்தக் கென்டர் படுத்துக்கொண்டால் கணக்குச் சமன். மூன்று தடவை படுத்தால் கம்பனிதான் கூடத் தருகிறது.

"18 ட்ரிப் நிச்சயம்" என்கிறாரே, அது முதலாளியின் நல்ல மாதம். வருடம் முழுவதும் அப்படி இருக்காது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கினிகத்தேனைப் பக்கம் எந்த இரவு எந்த மேடு சரியும் என்று யாருக்கும் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை வீதிகள் அறுந்து கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீதி மூடிய நாட்களில் ட்ரிப் கூலிக்காரனுக்குச் சம்பளம் பூச்சியம். அடிப்படைச் சம்பளக்காரனுக்கு ஓட்டி குறையும், அடிப்படை நிற்கும். மரக்கறி விலை விழுந்து தோட்டக்காரர்கள் கேரட்டை இழுக்காமல் விட்டாலும் இதே கதைதான். அதனால் அந்த முதலாளியிடம் கேட்காதீர்கள், அவரிடம் முன்பு ஓட்டிய டிரைவரைத் தேடிப்பிடித்துப் போன வருடம் எந்த மாதத்தில் எத்தனை ட்ரிப் ஓடினான் என்று கேளுங்கள். முன்பு ஓட்டியவர்கள் வருடத்துக்கு மூன்று பேர் என்றால் அதுவே ஒரு பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஈ.பி.எஃப். கிடையாது" என்பதை நீங்கள் ஏதோ ஒரு சலுகை இல்லாத வேலை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது சலுகை இல்லை, 1958ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டம். ஒரேயொரு ஆளை வைத்திருக்கும் முதலாளியும் கட்டத்தான் வேண்டும். நம் ஊரில் லொறிக்காரர்கள் பலர் கட்டுவதில்லை, டிரைவர்களும் கையில் கூட வந்தால் போதும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஈ.பி.எஃப். காசு என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அம்மாவின் ஈ.பி.எஃப்.பில்தானே பல வீடுகளில் ஒரு கல்யாணமே நடந்தது.

காசுக் கதையை இதோடு விடுகிறேன். இனி லொறி.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பேலியகொடை கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில். அதாவது இந்த வேலையில் லோடோடு இறங்குவீர்கள், பெரும்பாலும் காலியாகவோ பாதி லோடோடோ ஏறுவீர்கள். கொழுந்து லொறியில் உங்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு. தோட்டத்து ரோட்டில் வளைவு மோசம், தார் மோசம், ஆனால் தூரம் குறைவு, வேகம் குறைவு, பிரேக் சூடாகும் முன்பே ஃபெக்டரி வந்துவிடும். நானுஓயாவில் தொடங்கித் தலவாக்கலை, ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்கும்வரை பிரேக்குக்கு ஓய்வே கிடைக்காது. கினிகத்தேனைக்குக் கீழே வரும் இறக்கத்துக்குள் நுழையும்போது உங்கள் பிரேக் டிரம் ஏற்கெனவே சூட்டில் இருக்கும்.

சூடான டிரம் விரிகிறது, லைனிங் வழுக்குகிறது, பெடலை எவ்வளவு அமுக்கினாலும் பிடிப்புக் குறைகிறது. எயார் பிரேக்கிலும் இது நடக்கும். பழைய கென்டரில் இருப்பது போன்ற ஒயில் பிரேக்கில் இன்னொரு ஆபத்தும் சேரும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் தண்ணீர் கலந்து, கொதிக்கும் சூடு குறைந்துபோகும். இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் சும்மா தரைவரை போகும். டிரைவர் "பிரேக் விட்டுவிட்டது" என்பார். கொஞ்ச நேரம் கழித்து ஆறியதும் பொலிஸ் வந்து அமுக்கிப் பார்த்தால் பிரேக் பிடிக்கும்! அப்புறம் உங்கள் பேச்சை யார் நம்புவது? நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் 7 பேர், எல்ல-வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் 15 பேர் இறந்தார்கள். இந்த மலையில் ஒரு வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

லோடு விஷயத்திலும் இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தேயிலை இடத்தைப் பிடிக்கும், பாரம் குறைவு. லொறி பாரத்தால் நிறைவதற்கு முன்பே பெட்டி நிறைந்துவிடும். ஒவ்வொரு மூட்டைக்கும் நிறை எழுதியிருக்கும், ஃபெக்டரியிலும் கணக்கு, கொழும்பு ஸ்டோரிலும் கணக்கு, இடையில் ஒரு மூட்டை கூட ஏற்ற வழியில்லை. மரக்கறி அப்படி இல்லை. கோவாவும் லீக்ஸும் பரவாயில்லை, கேரட்டும் உருளைக்கிழங்கும் கல்லு மாதிரி. முதலாளிக்கு வாடகை கிலோக் கணக்கில் வருகிறது. "இன்னும் நாலு மூட்டைதானே தம்பி" என்ற குரலை ஒவ்வொரு மாலையும் கேட்பீர்கள். பழைய பிரேக், கூடுதல் பாரம், இரவுத் தூக்கம் கெட்ட டிரைவர், விடிவதற்குள் சந்தையில் நிற்க வேண்டிய அவசரம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சமாளிக்கலாம், நாலும் ஒரே இரவில் சேர்ந்தால்தான் பிரச்சினை.

சரி, இவ்வளவு சொன்னாலும் அந்தக் கென்டரைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். போகும்போது பகலில் போங்கள், முதலாளி இல்லாத நேரம் கிளீனர் பையன் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது.

என்ஜின் நிற்கும்போது பிரேக் பெடலை நாலைந்து தடவை அமுக்குங்கள், பெடல் இறுகிவிடும். அப்படியே காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கினால், கால் அமுக்கத்துக்குப் பலம் கூட்டித் தரும் வெக்யூம் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் வெக்யூம் இல்லை, பாரத்தோடு இறங்கும்போது உங்கள் தொடைதான் பூஸ்டர். பிறகு ஒரு நிமிடம் காலை எடுக்காமல் அமுக்கியபடியே இருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ கசிவு, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர். கீழே இறங்கிப் பின் சக்கரங்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். டயரின் உள்சுவரில் ஈரம் பிடித்து அதன் மேல் தூசி அப்பிக் கறுத்திருந்தால் வீல் சிலிண்டரோ ஹப் சீலோ போயிருக்கிறது. இதை மறைக்க ஒரு நாள் முன்பு லொறியைக் கழுவி வைப்பவர்கள் உண்டு. ஆனால் உட்சுவரை யாரும் கழுவுவதில்லை.

எக்ஸோஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருக்கிறதா, வேலை செய்கிறதா? இந்தக் கேள்விக்கு முதலாளி சொல்லும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். "அதெல்லாம் எப்போதோ கழற்றியாச்சு, தேவையில்லை" என்றால் அவர் லொறியை மலையில் ஓட்டிய மனிதர் இல்லை, அல்லது ஓட்டுகிறவனைப் பற்றி நினைக்கிறவர் இல்லை. எக்ஸோஸ்ட் பிரேக்கும் சின்ன கியரும்தான் இறக்கத்தில் லொறியைப் பிடித்துவைக்க வேண்டும். கால் பிரேக் நிறுத்துவதற்கு. கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கவிட்டால் மூன்றாம் கியரில் எக்ஸிலேட்டரை விட்டு எக்ஸோஸ்ட் பிரேக் லீவரைப் போட்டுப் பாருங்கள். வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பது உடம்பில் தெரிய வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கையும் பாருங்கள். இந்த வகைப் பழைய லொறிகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் அறுந்தால் அதுவும் இல்லை. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது நல்ல பழக்கம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமதரையில் நிறுத்தினாலும் கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறான் என்றால் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி வேறு யாரையும் கேட்கத் தேவையில்லை.

டயர்களில் நாலு இலக்கம் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. தரையில் படும் பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பக்கச்சுவரைப் பாருங்கள். பின்னால் ரீபில்ட் டயர் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டியது) போடுவது இங்கே சாதாரணம். முன் இரண்டிலும் ரீபில்ட் போட்டிருந்தால் நான் அந்த லொறியில் ஏற மாட்டேன். முன் டயர் வளைவில் வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்தும் பலம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. இரட்டைச் சக்கரத்தின் உள் டயரைக் குனிந்து பாருங்கள், மோசமானதை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்? அப்படியும் இருக்கலாம், தம்பி. முதலாளி தானே பல வருடம் ஓட்டியவராக இருந்தால் பழைய கென்டரைத் தங்கம் மாதிரி வைத்திருப்பார். அந்த என்ஜினில் மறைத்துவைக்க ஒன்றுமில்லை, நோர்வூட்டில் நின்றாலும் அவிசாவளையில் நின்றாலும் ஒரு பாஸை (மெக்கானிக்கை) கூப்பிட்டுப் பிரித்துப் பூட்டிவிடலாம். புது என்ஜின்களில் ஒரு சென்சர் கோளாறு செய்தால் கம்பியூட்டரோடு ஆள் வரும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நல்ல கம்பனிகளிடமும் ஓடுவது பழைய வண்டிகள்தான். உங்கள் 2018 லேலண்டும் இப்போது புதுசு இல்லை. வருடத்தைப் பார்க்காதீர்கள், பராமரிப்புக் கொப்பியைப் பாருங்கள். கொப்பியே இல்லையென்றால் உதிரிப்பாகக் கடையில் கேளுங்கள். அந்த முதலாளியின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறினால் அங்கே கடன் நிற்கிறது. கடன் நிற்கிற இடத்தில் லைனிங் நேரத்துக்கு மாறாது.

எயார் பிரேக் லொறிக்கு ஒரு நன்மை உண்டு. ஸ்பிரிங் பிரேக் பூட்டிய வண்டியில் காற்று முழுக்க இறங்கினால் பின் சக்கரம் தானாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒயில் பிரேக்கில் ஒயில் போனால் தானாகப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்காக லேலண்டையும் சும்மா நம்பிவிட வேண்டாம். காற்று நிரம்பியதும் என்ஜினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை அமுக்கிப் பிடித்து மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் கசிவு. டேங்கின் அடி வால்வைத் திறந்துவிடச் சொல்லுங்கள். தினமும் திறந்துவிடுகிறார்கள் என்றால் காற்றோடு கொஞ்சம் ஈரம் வரும். தேத்தண்ணி மாதிரி ஒரு கோப்பை வந்தால் யாரும் பார்ப்பதில்லை.

கம்பனியில் இன்னொரு தந்திரமும் உண்டு. காட்டுகிற லொறி ஒன்று, தருகிற லொறி இன்னொன்று. நல்ல வண்டி பழைய டிரைவரிடம் இருக்கும், புதிதாக வருகிறவனுக்கு யாரும் ஏறாத வண்டியைத் தள்ளிவிடுவார்கள். "எனக்குத் தரப்போகிற லொறியின் நம்பர் என்ன?" என்று நேரடியாகக் கேளுங்கள். அதைத்தான் மேலே சொன்ன மாதிரி பாருங்கள். அந்த நம்பருக்கு வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், புகைச் சான்றிதழ் எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. நான் எடைபோடுவதெல்லாம் இதை வைத்துத்தான். "பிரேக் சரியில்லை, இன்றைக்கு எடுக்க மாட்டேன் என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

பதில் பல விதமாக வரும். "அப்படியெல்லாம் வராது தம்பி" என்பது பதில் இல்லை. "மெதுவாகப் போய்விட்டு வா, நாளைக்குப் பார்ப்போம்" என்பதுதான் அதிகம் கேட்டது. "எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான்" என்று சொல்கிற முதலாளியாவது உண்மையைச் சொல்கிறார். நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: யாரிடம் சொல்ல வேண்டும், யார் வந்து பார்ப்பார், அன்றைய நாளுக்குக் கூலி உண்டா இல்லையா. மூன்றுக்கும் ஆள் பெயரோடு பதில் வந்தால் அந்த இடத்தில் லொறி பழசாக இருந்தாலும் பயமில்லை. ட்ரிப் கூலிக்காரனுக்கு இதில்தான் சிக்கல். எடுக்க மாட்டேன் என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் அவன் தன் ஐயாயிரத்தைத் தானே வேண்டாம் என்கிறான். மூத்த பிள்ளைக்கு ட்யூஷன் காசு கட்ட வேண்டிய வாரத்தில் பெடல் கொஞ்சம் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான்.

விபத்து என்று ஒன்று நடந்தால் பொலிஸ் முதலில் பிடிப்பது ஸ்டியரிங்கில் இருந்தவரை. முதலாளி வருவார், சில வேளை சட்டத்தரணியையும் கூட்டி வருவார், ஆனால் உள்ளே இருப்பது நீங்கள்தான். அதனால் எங்கே சேர்ந்தாலும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டால் வாயால் சொல்லி விடாதீர்கள். ஃபோனில் படம் எடுத்து, "முன் இடது சக்கரத்தில் ஒயில் கசிகிறது, பார்க்கவும்" என்று முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம், மரியாதையாகவே எழுதலாம். திகதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். படத்தைப் பார்த்தும் ஒன்றும் செய்யாத முதலாளி மிகக் குறைவு, அது அவர் பெயரிலும் பதிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

தண்டப்பணம் யார் கட்டுவது என்பதையும் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் உங்கள் தப்பு. லைட் எரியாததற்கும் டயர் தேய்ந்ததற்கும் பாரம் கூடினதற்கும் முதலாளி கட்ட வேண்டும்.

கம்பனியிடம் இன்னும் கேட்க வேண்டியவை சில. ஓட்டி ஒன்றரை மடங்கில் தருகிறார்களா, கொழும்பு ஸ்டோரில் இறக்குவதற்குக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமா இல்லையா, மூட்டை நனைந்தால் யார் தலையில் விழும், இரவு தங்கினால் பட்டா (படிக்காசு) எவ்வளவு. 70,000 என்பது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அது சேராவிட்டால் நான் மேலே போட்ட கணக்குக் கொஞ்சம் மாறும். நியமனக் கடிதம் எழுத்தில் வேண்டும். ஈ.பி.எஃப். பிடிப்பதாகச் சொல்லிவிட்டுக் கட்டாத கம்பனிகளும் உண்டு. அங்கே வேலை செய்கிற ஒருவரின் ஈ.பி.எஃப். நிலுவைக் கூற்றைக் காட்டச் சொல்லுங்கள், அடுத்த மாத முடிவுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி.

ஒருவேளை கந்தப்பளைக்கே போவதென்று தீர்மானித்தால், 5,000ஐக் கூட்டச் சொல்லிக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். அதைவிட 3,000 ட்ரிப்பும் ஒரு மாத அடிப்படையும் கேளுங்கள். அந்த அடிப்படை தேசிய ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் குறையக் கூடாது, 2026 ஜனவரியில் இருந்து அது 30,000 ரூபா. 18 ட்ரிப் ஓடினால் முதலாளிக்கு 84,000தான், அவர் சொன்ன 90,000க்குக் கீழே. "நீங்கள் நிச்சயம் என்று சொன்ன ட்ரிப் எல்லாம் வந்தால் உங்களுக்குத்தான் இலாபம் முதலாளி" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அந்த நிச்சயத்தின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை.

வீட்டில் சொல்வதற்கு இன்னொரு விஷயம். எயார் பிரேக் லொறியில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிய அனுபவத்துக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. கனரக லைசென்ஸை வைத்துக்கொண்டு பழைய கென்டரிலேயே காலத்தைக் கழித்தால் துறைமுகத்தில் கொன்டெய்னர் ஓட்டவோ வெளிநாடு போகவோ நினைக்கும்போது முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒரு சொல் "நாலரை வருடம்". எங்கே போவது என்று கேட்டீர்கள், எப்போது போவது என்று கேட்கவில்லை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால்தான் பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் சட்டம் அது. உங்கள் தோட்டத்தில் ஆள் கணக்குக்குப் பிரச்சினை இருக்காது. 42,000 அடிப்படைச் சம்பளமாக இருந்தால் வருடத்துக்கு 21,000, ஐந்து வருடத்துக்கு 105,000 ரூபா. இப்போது விலகினால் அதில் ஒரு சதம் வராது. இன்னும் ஐந்தாறு மாதம்தான். நீங்கள் சேர்ந்த திகதி எது என்று தோட்ட ஆபீசில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இடையில் பெயரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிறகு ஹட்டனுக்குப் போய், அந்தத் திகதி முடிந்ததும் வருகிறேன், அதுவரை இடம் இருக்குமா என்று கேளுங்கள். நல்ல டிரைவர்களுக்கு இங்கே எப்போதும் தட்டுப்பாடு, காத்திருக்கக் கூடியவர்கள்தான். முடியாது என்றால் உடனே வேலையை விட்டுவிடாமல், ஓட்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற பதிலையும் கையில் வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.